சில நூறு ஸ்பானியர்கள் அஸ்டெக் பேரரசை வென்றது எப்படி?

சுமார் 500 வீரர்களுடன் 1519-இல் மெக்சிகோவில் கரையிறங்கிய ஸ்பானியத் தளபதி எர்னான் கோர்த்தேஸ், அஸ்டெக் பேரரசை வீழ்த்தியதாக வரலாற்று நூல்கள் கூறுவதை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எண்ணிக்கை ஏறத்தாழச் சரிதான். அதை மட்டும் தனித்துக் காட்டுவதில்தான் பிழை இருக்கிறது. அஸ்டெக்குகளுக்கு அடங்காமல் நெடுங்காலம் போரிட்டு வந்த திலாஸ்கலா மக்கள், முதலில் ஸ்பானியர்களை எதிர்த்தாலும், பின்னர் அவர்களோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான வீரர்களை அனுப்பினார்கள். ஏரியின் நடுவே இருந்த தலைநகர் தெனோச்தித்லானை முற்றுகையிடக் கட்டப்பட்ட 13 கப்பல்களின் பாகங்களை மலைவழியே சுமந்து சென்றவர்களும் அவர்களே. போதாக்குறைக்கு 1520-இல் பெரியம்மை பரவி, அஸ்டெக் பேரரசர் மோக்தெசுமாவுக்குப் பின் அரியணை ஏறிய குயித்லாவாக்கையும் பலிகொண்டது. எஃகு வாளும் குதிரையும் களத்தில் உதவின, மறுப்பதற்கில்லை. ஆனால் 1521 ஆகஸ்ட் 13 அன்று நகரம் வீழ்ந்ததற்கு அவை மட்டுமே காரணமல்ல.

சில நூறு பேரே பேரரசை வென்றார்கள் என்ற கோணலான சித்திரம் உருவானதற்கு, கோர்த்தேஸ் ஸ்பெயின் மன்னருக்கு எழுதிய கடிதங்கள் முக்கிய ஆதாரமாகக் கொள்ளப்பட்டது ஒரு காரணம். கியூபா ஆளுநரை மீறிப் புறப்பட்ட அவருக்குத் தம்மை நியாயப்படுத்திக்கொள்ளும் அவசரம் இருந்தது. சகாகுன் என்ற துறவி உள்ளூர் அறிஞர்களைக் கொண்டு அஸ்டெக்குகளின் நவாட்டில் மொழியில் தொகுத்த ஏடுகளோ, தோற்றவர்களின் தரப்பிலிருந்து இதே போரைச் சொல்கின்றன.