டியூப் ஆம்ப் இரைகிறதா? முதலில் சுருதி பாருங்கள்

கேள்வி: சிங்கப்பூர் ஈசூனில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இருக்கிறேன். கல்யாணக் கச்சேரிகளில் பேஸ் கிட்டார் வாசிப்பவன். அமெரிக்காவிலிருந்து வந்த பழைய டியூப் பேஸ் ஆம்ப் (வெற்றிடக் குழாய்களில் ஓடும் ஒலிபெருக்கி) ஒன்றை வாங்கி, ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் (வோல்ட்டைக் குறைக்கும் பெட்டி) வைத்து ஓட்டுகிறேன். ஆன் செய்து அரை நிமிடத்தில் ‘ம்ம்ம்’ என்று இரைச்சல் ஆரம்பிக்கிறது. வால்யூமைச் சுத்தமாகக் குறைத்தாலும் நிற்பதில்லை. டியூப்களை மொத்தமாக மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். பாதி விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. கிட்டாரிலோ கேபிளிலோ ஒலியை முதலில் பெருக்கும் ப்ரீஆம்ப் டியூபிலோ கோளாறு என்றால், வால்யூமோடு இரைச்சலும் இறங்கியிருக்கும். இறங்கவில்லை. ஆக, கோளாறு வால்யூம் குமிழுக்குப் பிறகுதான்.

அடுத்து சுருதி. சிங்கப்பூர் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஆம்புக்குள் அதை டிசியாக (நேர் மின்சாரமாக) மாற்றும்போது அலை இரட்டித்து 100 ஹெர்ட்ஸ் ஆகிவிடும். இந்த இரண்டில் எது கேட்கிறது என்று பார்க்க மீட்டர் வேண்டாம், உங்கள் பேஸ் போதும். ஈ கம்பியில் மூன்றாவது ஃப்ரெட் 49 ஹெர்ட்ஸ். ஜி கம்பியை அழுத்தாமல் தட்டினால் 98. கேபிளைக் கழற்றிவிட்டு, கிட்டாரின் மேல் கொம்பைத் தாடையில் ஒட்டி வைத்து, இரண்டையும் மாற்றி மாற்றித் தட்டுங்கள். ஒன்று இரைச்சலோடு சேர்ந்துகொள்ளும். பொதுவாக 50 உருண்டையாக, அடங்கிய குரலில் கேட்கும். 100 கொஞ்சம் கரகரப்பாக.

50 என்றால் முதல் சந்தேகம் அந்த ஸ்டெப் டவுன் பெட்டி மேல். அதன் காந்தப் புலம் பக்கத்தில் இருக்கும் ஆம்புக்குள் புகுந்துவிடும். நானே ஒருமுறை ஒரு செட் டியூப் முழுவதையும் மாற்றிவிட்டு, இரைச்சல் அப்படியே இருக்க, தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன். பெட்டி ஆம்பின் தலைமேலேயே உட்கார்ந்திருந்தது! ஒரு மீட்டர் தள்ளி வைத்து, திருப்பித் திருப்பிப் பாருங்கள். இரைச்சல் ஏறி இறங்கினால் ஆள் அகப்பட்டுவிட்டான்.

அதே பெட்டியில் இன்னொன்றையும் கவனியுங்கள். ஆம்பைச் செருகும் இடத்தில் இரண்டு துளைதான் இருக்கிறதா? அப்படியென்றால் எர்த் ஆம்புக்குப் போகவே இல்லை. கிட்டார் கம்பியைத் தொட்டதும் சத்தம் மாறினால் அதுவும் எர்த் பக்கம் பார்க்கச் சொல்லும் அறிகுறி. இரைச்சலுக்குப் பயந்து எர்த் முள்ளை எடுத்துவிடும் பழக்கம் நம் ஆட்களிடம் உண்டு. தயவுசெய்து வேண்டாம், உயிர் போகிற விளையாட்டு அது. மிக்சரோடு இணைக்கும்போது மட்டும் இரைச்சல் வந்தால், ஆம்புக்கும் மிக்சருக்கும் நடுவில் வைக்கும் டிஐ பாக்ஸில் இருக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைப் போடுங்கள்; அது சிக்னல் கேபிளின் எர்த்தை மட்டும் துண்டிக்கும்.

சரி, 100 என்றால்? பெரும்பாலும் அந்த டிசியைச் சமன்படுத்தும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் காய்ந்து போயிருக்கும். பழைய ஆம்பில் அது வயசுக் கோளாறு. அடுத்த சாத்தியம், ஸ்பீக்கரை ஓட்டும் பவர் டியூப்கள். அவை இரு அணியாக எதிரெதிரே இழுப்பதால்தான் மின்சாரத்தில் மிச்சமிருக்கும் இரைச்சல் தானாகவே அடங்குகிறது. ஒன்று சோர்ந்துவிட்டால் கணக்கு தவறிவிடும். அப்போதுதான் டியூப் மாற்றும் பேச்சு, அதுவும் பவர் டியூப்கள் மட்டும், ஜோடி சேர்த்த செட்டாக, பயாஸ் (டியூபில் ஓடும் மின்னோட்டத்தின் அளவு) சரிபார்த்து. இந்த வேலைக்கு நீங்கள் ஆம்பைத் திறக்காதீர்கள். பெரிய பேஸ் ஆம்புகளில் உள்ளே 700 வோல்ட் வரை ஓடும்; பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் தங்கியிருக்கும்.

டெக்னீஷியனிடம் கொடுக்கும்போது, உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கு 230 வோல்ட் இணைப்பு இருக்கிறதா என்றும் கேளுங்கள். சில அமெரிக்க ஆம்புகளில் இருக்கும். இருந்தால் வெளிப் பெட்டியே தேவையில்லை. 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் சுற்றியதாக இருந்தால், நம் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடாகும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். எந்தச் சோதனையானாலும் ஸ்பீக்கரை இணைக்காமல் ஆன் செய்யக் கூடாது.

அப்புறம், நம் ஊர் ஈரக் காற்றில் எஃபெக்ட்ஸ் ஜாக்குகள் (எஃபெக்ட் பெடல்களை இணைக்கும் சென்ட், ரிட்டர்ன் துளைகள்) பச்சை பிடித்துப் படபடவென்று சத்தம் போடும். உங்களுக்கு இன்னும் அது வரவில்லை என்றாலும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: சென்டுக்கும் ரிட்டர்னுக்கும் ஒரு சின்ன கேபிளைச் செருகி, சத்தம் நின்றால் ஜாக்தான் காரணம். சிம் லிம் டவரில் ஒரு கான்டாக்ட் கிளீனர் வாங்கி, ஆம்பை அணைத்துவிட்டு அடித்தால் போதும்.