"நாளைல இருந்து வராதே" என்றால் வேலை போய்விட்டதா?

ஜவுளிக்கடையில் மூன்று வருஷமாக வேலை பார்க்கிறீர்கள், திடீரென்று நிறுத்திவிட்டார்கள் என்கிறீர்கள். 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் பிரிவு 41 உங்களுக்குத்தான். ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை நியாயமான காரணமும், ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளமும் இல்லாமல் நிறுத்தக்கூடாது. திருட்டு மாதிரி பழி சுமத்தினால் நோட்டீஸ் வேண்டாம். ஆனால் விசாரணை நடத்தி, சாட்சியத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். முதலாளி மனசு மாறியது காரணம் ஆகாது.

"கணக்கு முடிக்கணும், இதுல கையெழுத்துப் போடு" என்று நீட்டுவார்கள். படித்துப் பாருங்கள், பெரும்பாலும் ராஜினாமா கடிதமாக இருக்கும். போடாதீர்கள். சம்பளம் வந்த பேங்க் பாஸ்புக், வாட்ஸ்அப் மெசேஜ், அடையாள அட்டை எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். தொழிலாளர் துறை அலுவலகத்தில் மேல்முறையீடு செய்யலாம். காலக்கெடு குறைவு, இந்த வாரமே போங்கள்.