மாமி டெஸ்ட் வேண்டாம் என்கிறார்

கேள்வி: லண்டன் ஹரோவில் இருக்கிறேன். வயது 37, முதல் பிள்ளை. ஸ்கேனையும் இரத்தப் பரிசோதனையையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, பிள்ளைக்கு டவுன் சிண்ட்ரோம் (பிறவியிலேயே வளர்ச்சியைப் பாதிக்கும் குரோமோசோம் கோளாறு) இருக்க 90-இல் 1 வாய்ப்பு என்று மிட்வைஃப் போனில் சொன்னார். யாழ்ப்பாணத்தில் இருக்கும் மாமியோ, "சொந்தத்துக்குள்ள கட்டி வச்சதாலதான் இப்படி. இனி ஊசி குத்தினா பிள்ளை கலைஞ்சிடும்" என்று அழுகிறார். கணவர் வாயே திறப்பதில்லை. என்ன செய்ய?

பதில்: தங்கச்சி, மச்சானைக் கட்டியதற்கும் டவுன் சிண்ட்ரோமுக்கும் சம்பந்தமில்லை. அது பெரும்பாலும் முட்டை உருவாகும்போது குரோமோசோம் சரியாகப் பிரியாமல் வருவது. வயது ஏற ஏறக் கூடும். சொந்தத்தில் கட்டியவர்கள் பார்க்கவேண்டியது தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய் போன்றவற்றை. தங்களுக்கு நோய் இல்லாமலே இருவரும் அதன் மரபணுவைக் காவுபவர்கள் என்றால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர 4-இல் 1 வாய்ப்பு உண்டு. ஆரம்பத்திலேயே உங்களிடம் அதற்கு இரத்தம் எடுத்திருப்பார்கள். முடிவு என்னவென்று கேளுங்கள்.

90-இல் 1 என்றால் மற்ற 89 பேருக்கும் அது இல்லை. அடுத்ததாக உங்களுக்குச் சொல்வது அநேகமாக என்.ஐ.பி.டி. என்ற இரத்தப் பரிசோதனை. கையில்தான் இரத்தம் எடுப்பார்கள், வயிற்றில் ஊசி இல்லை, பிள்ளைக்கு ஆபத்தும் இல்லை. என்.எச்.எஸ். (இங்கத்தைய அரச மருத்துவ சேவை) இதில் ஆணா பெண்ணா என்று சொல்லாது. (மாமி அடுத்ததாக அதைத்தான் கேட்பார்!) ஆனால் இதுவும் உறுதியான முடிவு இல்லை. உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால்தான் வயிற்று ஊசி. பனிக்குட நீர் எடுப்பது 15 வாரத்துக்குப் பிறகு. அதனால் கரு கலைவது 200-இல் 1-க்கும் குறைவு என்கிறார்கள். மாமியின் பயம் பொய்யில்லை, அளவுதான் பெரிது.

ஒன்றும் செய்யாமல் விடவும் உங்களுக்கு உரிமை உண்டு. டெஸ்ட் செய்தால் கலைக்கத்தான் வேண்டும் என்று நம்மவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். பெற்று வளர்க்கப்போகிறவர்களும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளச் செய்வதுண்டு. டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இருதயக் கோளாறு இருக்கும். தெரிந்திருந்தால் அதற்கேற்ற ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கலாம்.

நான் கிளினிக்கில் அடிக்கடி பார்ப்பது இது: மிட்வைஃப் கால் மணி நேரம் விளக்குவார், கணவர் திரும்பி "ஒண்டும் பிரச்சினை இல்லையாம்" என்பார். அவ்வளவுதான் மொழிபெயர்ப்பு! தமிழ் மொழிபெயர்ப்பாளரை ஆஸ்பத்திரியே இலவசமாக ஏற்பாடு செய்யும், கேளுங்கள். கணவரைப் பக்கத்தில் உட்காரவைத்து நீங்கள் இருவரும் முடிவெடுங்கள். மாமிக்கு அப்புறம் சொல்லலாம்.