லயத்துக்கு வெளியே யாரைத் தேடுவது?

கேள்வி: இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் வசிக்கிறேன். நாளாந்தம் பறிக்கும் கொழுந்தின் நிறையைத் தமிழில் பதிந்துகொள்ளும் செயலியொன்றை நண்பர்கள் இருவருடன் சேர்ந்து செய்துள்ளேன். லயத்தில், அதாவது எங்கள் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில், எல்லோரும் பாராட்டுகிறார்கள். ஆனால் மாதக்கணக்கில் அதற்கு மேல் நகரவில்லை. கொழும்புக்குப் போய்விடலாமா?

பதில்: அதற்கு முன், வேலை விடயமாக யார் யாரிடம் பேச முடியும் என்பதை நீங்கள் மூவரும் தனித்தனித் தாளில் எழுதிப் பாருங்கள். மூன்றிலும் ஏறக்குறைய ஒரே பெயர்கள் வந்தால் தேக்கத்தின் காரணம் அங்கேயே தெரிந்துவிடும். ஒரே வட்டத்துக்குள் ஒருவர் அறிந்ததை மற்றவர்களும் ஏற்கெனவே அறிந்திருப்பார்கள். போதாக்குறைக்கு, பழகியவர்கள் குறை சொல்லவும் தயங்குவார்கள்.

அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர், அறிமுகமானவர்கள் வழியாக வேலை தேடிக்கொண்டவர்களிடம், தகவல் தந்தவரை அக்காலத்தில் எவ்வளவு அடிக்கடி சந்தித்தீர்கள் என்று கேட்டார். 1973இல் அவர் வெளியிட்ட கணக்கின்படி, அடிக்கடி சந்தித்ததாகச் சொன்னவர்கள் 16.7 சதவீதம் மட்டுமே, 55.6 சதவீதத்தினர் எப்போதாவது என்றும் 27.8 சதவீதத்தினர் மிக அரிதாக என்றும் சொன்னார்கள். புதிய செய்தி பெரும்பாலும் தூரத்து அறிமுகத்திடமிருந்தே வருகிறது.

உங்கள் நிலையில் அந்தத் தூரத்து அறிமுகம் பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் படிக்கும் அடுத்த டிவிஷன் அக்காவாக இருக்கலாம். கொழும்பில் மென்பொருள் வேலை பார்த்துத் தீபாவளிக்கு மட்டும் வரும் அண்ணனாகவும் இருக்கலாம். நானாக இருந்தால், தன் கொழுந்தைத் தொழிற்சாலைக்கு விற்கும் சிறுதோட்ட உரிமையாளர் ஒருவரையே முதலில் தேடுவேன். தோட்டத்தில் செக்ரோலை, அதாவது வேலையையும் சம்பளத்தையும் பதியும் பதிவேட்டை, தொடும் எதற்கும் நிர்வாகத்தின் சம்மதம் வேண்டும். சிறுதோட்ட உரிமையாளரோ எவரையும் கேட்காமல் நாளைக்கே பயன்படுத்திப் பார்க்கலாம், நிறை பிசகினால் தன் பணம் போகும் என்பதால் குறையையும் ஒளிக்கமாட்டார்.

ஆயினும் அறிமுகம் மட்டும் போதாது. நிர்வாகவியல் ஆய்வாளர் மோர்ட்டன் ஹான்சன் ஒரு பெரிய மின்னணு நிறுவனத்தின் 120 திட்டங்களை ஆராய்ந்து 1999இல் காட்டியபடி, தளர்ந்த தொடர்பு, அதாவது எப்போதாவது மட்டும் பேசும் அறிமுகம், பயனுள்ள அறிவு எங்கே உள்ளது எனக் கண்டுபிடிக்க உதவுகிறது. சிக்கலான அறிவைக் கைமாற்றுவதற்கோ நெருங்கிய பழக்கம் வேண்டும். ஆகவே பத்துப் பேரின் எண்களைச் சேர்ப்பதைவிட, கிடைத்தவர்களில் ஒருவரோடு அருகிலமர்ந்து வேலை செய்யும் அளவுக்குப் பழகுவது மேல். அவரைச் சந்திக்க மூவரும் மாறி மாறிப் போங்கள். ஒருவர் மட்டுமே பிடித்து வைத்திருக்கும் தொடர்பு, அவர் ஊரைவிட்டுப் போகும் நாளில் கூடவே போய்விடும்.

இணையக் குழுக்கள் நிரல் பிழைகளுக்கு நல்லவை, அவ்வளவுதான்.

கொழும்புக்குச் சந்திப்புகளுக்காகப் போய் வாருங்கள், குடிபோக வேண்டாம். செயலியைக் கையில் எடுக்கப்போகிறவர்கள் மலையில் இருக்கிறார்கள். புதியதொன்றை முதலில் தொட்டுப்பார்க்க அவர்களை இணங்கவைப்பது லயத்து உறவுதான். தீபாவளிக்கு வரும் அண்ணனிடம் செயலி எப்படி இருக்கிறது என்று கேட்காதீர்கள்; சிக்னல் கிடைக்காத மலையில் பதிந்த நிறை, பிறகு சிக்னல் வந்ததும் இருமுறை பதியாமல் எப்படிச் சேரும் என்று கேளுங்கள்.