அதே ஜன்னல், அதே படித்துறை: படம் எடுக்கும் வாசகர்களின் கேள்விகள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வீட்டையும் தெருவையும் பருவங்களையும் படம் எடுப்பது பற்றித்தான். எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் என்பதால் சில பதில்கள் நீண்டுவிட்டன.

வெளிநாட்டுக்காரர்கள் எடுத்த படங்களில் இலை சிவக்கிறது, உதிர்கிறது, பனி கொட்டுகிறது. நமக்கு வெயில், கொஞ்சம் மழை, மறுபடியும் வெயில். இங்கே பருவத்தை எப்படி சார் படம் எடுப்பது?
*மன்னார்குடியிலிருந்து ஒரு வாசகர்*

உங்கள் ஊரைச் சுற்றி இருப்பது வயல். அதைவிட வேகமாக முகம் மாறும் இடம் எனக்குத் தெரிந்து வேறு கிடையாது. நம் ஆட்கள் வருஷத்தைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று இரண்டிரண்டு மாதமாக ஆறாகப் பிரித்ததே இந்த மாற்றத்தைப் பார்த்துத்தான்.

ஒரு வரப்பைத் தேர்ந்தெடுங்கள், சைக்கிளில் போகிற வழியில் இருந்தால் நல்லது, பத்து நாளுக்கு ஒரு முறை அங்கே இறங்கி நின்று ஒரே ஒரு படம் எடுங்கள். சம்பா என்றால் புரட்டாசியில் நாற்றங்கால் மட்டும் கண்ணைப் பறிக்கும் பச்சையாக இருக்கும், சுற்றிலும் வெறும் சேறு. ஐப்பசியில் நடவு முடிந்த வயலில் பயிரைவிட வானம்தான் அதிகம் தெரியும், மேகம் எல்லாம் தண்ணீருக்குள் கிடக்கும். பிறகு தண்ணீர் மறைந்து பச்சை மூடிக்கொள்ளும், மார்கழியில் கதிர் பால் பிடித்துத் தலை சாயும், காலைப் பனியில் சிலந்தி வலைகள் எல்லாம் வெள்ளையாகத் தெரியும். தை அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே நின்ற பயிருக்குள் உளுந்தையோ பயறையோ தெளித்துவிடுவார்கள் இல்லையா, அந்த இடத்தைத் தவற விடாதீர்கள். அறுவடை மெஷின் போன தடத்துக்கு நடுவில், அறுத்த தாளுக்குள்ளிருந்து இரண்டு இலை விட்டு எட்டிப் பார்க்கும் உளுந்துச் செடியைக் குனிந்து கிட்டத்தில் எடுத்தால் இரண்டு பருவமும் ஒரே படத்தில் வந்துவிடும். சித்திரையில் அதே மண் வெடித்துக் கிடக்கும். போன வருஷம் ஒரு வெடிப்புக்குள் போனை நீட்டி எடுத்தேன், உள்ளே ஒரு நத்தை ஓடு, பழைய நெல் வேர், அடியில் இன்னும் கொஞ்சம் கறுப்பாக ஈரம்.

வயல் இல்லாதவர்கள் வேப்பமரத்தைப் பாருங்கள். மாசியில் கொட்டித் தீர்த்துவிட்டு, பங்குனியில் செம்பு நிறத்தில் தளிர் விட்டு, சித்திரைக்குப் பூத்து, ஆனி ஆடியில் பழம் உதிர்க்கும். இலை சிவப்பதைப் பார்க்க வெளிநாடு போக வேண்டியதில்லை, வேப்பந்தளிரை வெயிலுக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள்.

அறுபதாயிரம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். எந்த கேமரா வாங்கலாம்?
*ஓசூரிலிருந்து ஒரு வாசகர்*

இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள். கையில் இருக்கிற போனில் ஒரு வருஷம் எடுங்கள், அதில் எது முடியவில்லை என்று உங்களுக்கே தெரிந்த பிறகு வாங்கினால் சரியானதை வாங்குவீர்கள். எடுப்பதற்கு முன் லென்ஸைப் பருத்தித் துணியால் துடையுங்கள், நாள் முழுக்கக் கைபட்டு எண்ணெய் ஏறியிருக்கும், படம் மங்கலாக இருக்கிறது என்று வருகிற புகாரில் பெரும்பகுதி அதனால்தான். திரையில் எது முக்கியமோ அதை விரலால் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் ஃபோகஸும் வெளிச்சமும் அங்கேயே நின்றுவிடும். அப்புறம் வெளிச்சத்தைச் சற்றுக் குறையுங்கள். நம் ஊர் வெயிலுக்கு அது வேண்டும்.

சென்னையில் நாலாவது மாடி பிளாட். மாமியார் படுக்கையில் இருக்கிறார், அவரை விட்டு வெளியே போக முடியாது. எனக்கு இருப்பது ஹாலில் தெற்குப் பார்த்த ஒரு ஜன்னலும், படுக்கையறையில் கிழக்குப் பார்த்த ஒரு ஜன்னலும்தான். இதில் என்ன எடுக்க முடியும்?
*ஒரு வாசகி*

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஜன்னல் போதும் அம்மா, உங்களுக்கு இரண்டு இருக்கிறது. கேமராவில் எடுத்து இன்று வரை தங்கியிருக்கும் படங்களில் மிகப் பழையதே வீட்டு ஜன்னலிலிருந்து எடுத்ததுதான், 1826-27 வாக்கில் பிரான்சில் நியெப்ஸ் என்பவர் தன் வீட்டு மாடியிலிருந்து தெரிந்த கூரைகளைப் பதிவு செய்தார். பிராகு நகரத்தில் யோசெஃப் சூடெக் என்று ஒரு புகைப்படக்காரர் இருந்தார், முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர். 1940 முதல் 1954 வரை தன் ஸ்டுடியோ ஜன்னலையே எடுத்துக்கொண்டிருந்தார், கண்ணாடியில் படிந்த நீராவி, உறைபனி, வெளியே வளைந்த ஒரு மரம், விளிம்பில் ஒரு தம்ளர். பதினான்கு வருஷம்!

உங்கள் ஜன்னல்களில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். கிழக்கு ஜன்னலில் நின்றால் மார்கழியில் சூரியன் வலது பக்கமாக, தெற்கே தள்ளி எழும். ஆனியில் இடது பக்கம் போய்விடும். நடுவில் எந்தக் கட்டடத்துக்குப் பின்னால் எந்த மாதம் வருகிறது என்று படத்தைப் பார்த்தே சொல்லலாம். தெற்கு ஜன்னல் இன்னும் நல்லது. சென்னையில் ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் நடுப்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும், நேராக நிற்கும் கம்பத்துக்கு நிழலே இருக்காது. இந்த இரண்டு நாளுக்கும் இடைப்பட்ட மாதங்களில் உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே இருப்பதால் உங்கள் ஹாலுக்குள் மதிய வெயில் வராது. ஆகஸ்ட் கடைசியில் ஒரு கீற்றாக விளிம்பில் தொடங்கி, மாதம் ஏற ஏற உள்ளே நகர்ந்து, மார்கழியில் தரையில் அதிகத் தூரம் வரும். மறுபடி பின்வாங்கும். அந்த வெயில் சதுரம் எந்த டைல்ஸ் வரை வந்தது என்பதை மட்டும் எடுங்கள், வாரம் ஒன்று.

நிற்கிற இடத்தில் தரையில் ஒரு துண்டு டேப் ஒட்டிவையுங்கள், ஜூம் செய்யாதீர்கள், ஜன்னல் சட்டத்தின் இடது ஓரம் எப்போதும் படத்தின் இடது ஓரத்தோடு சேரட்டும். இவ்வளவு போதும், வரிசையாகப் பார்க்கும்போது படம் குதிக்காது. உங்கள் மாமியார் சம்மதித்தால் அவர் கையைக் கிழக்கு ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு முறை எடுங்கள். முகம் வேண்டாம் என்றால் முகம் வேண்டாம்.

அம்மா சமைப்பதைப் படம் எடுக்க ஆசை. போனை எடுத்தாலே "இரு, நல்ல சேலை கட்டிக்கிட்டு வரேன்" என்று போய்விடுகிறார். நைட்டியில் எடுத்தால் கோபம். என்ன செய்வது?
*கோவையிலிருந்து ஒரு வாசகி*

அம்மா சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. அவருடைய தலைமுறைக்குப் படம் என்றால் ஸ்டுடியோ. வரைந்த திரை, பூ ஜாடி, ஒரு நாற்காலி, அதில் கையை வைத்து மூச்சைப் பிடித்து நிற்பது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோ படங்களைத் தேடிப் பிடித்து டிஜிட்டலாக்கினார்கள், மிக அருமையான வேலை அது. கல்யாணக் கோலம், குடும்பமாக நிற்பது, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இருப்பது என்று எல்லாம் கிடைக்கிறது, ஆனால் அம்மியில் அரைக்கிற ஒரு பாட்டியை அப்படிப்பட்ட படங்களில் காண்பது அரிது. யாரும் அதற்கு ஃபிலிமைச் செலவழிக்கவில்லை. காசு கொடுத்து வாங்கிய ரோலில் முப்பத்தாறு படம்தான் என்றால் நானும் செலவழித்திருக்க மாட்டேன்.

என் அப்பாவுக்கு எங்கள் வீட்டில் பதினோரு படங்கள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் இஸ்திரி போட்ட சட்டை. தினமும் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விடுவார், பழைய பனியன் ஒன்றைக் கிழித்துத் துடைப்பார், விரல் நுனி கறுத்துப் போயிருக்கும், அந்தக் கையோடு டீ தம்ளரை விளிம்பில் மட்டும் பிடித்துக் குடிப்பார். அதை நான் எடுக்கவே இல்லை. எனக்கு அப்போது கேமரா இருந்தது.

அதனால் அம்மாவை விடாதீர்கள், ஆனால் ஒளிந்து எடுக்காதீர்கள். முதலில் அவர் இல்லாத சமையலறையை எடுங்கள். அஞ்சறைப்பெட்டி, கைப்பிடி தேய்ந்த தோசைக்கல், வடித்த கஞ்சியில் எழும் ஆவி. பிறகு கைகளை மட்டும் கேட்டு எடுங்கள், இட்லி மாவு ஊற்றும் கை, முருங்கைக்கீரை உருவும் கை. அதில் இரண்டைப் பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்து கொடுங்கள். போனில் காட்டுவது வேறு, கையில் கொடுப்பது வேறு. அப்புறம் அவரே "இன்னிக்கு மாவடு போடறேன், எடுக்கிறியா" என்று கூப்பிடுவார். மாவடு என்றால் மாசி பங்குனி, அதுவும் பருவம்தான்.

மழையை எடுத்தால் படத்தில் மழையே தெரிவதில்லை.
*நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகர்*

வெள்ளை வானத்தை நோக்கி எடுத்தால் தெரியாது. பின்னால் இருண்ட ஏதாவது வேண்டும், மாமரம், கரும்பச்சை வாழைத்தோப்பு, கதவு திறந்த மாட்டுக் கொட்டகை. எதிர்ப் பக்கத்திலிருந்து வெளிச்சம் வந்தால் ஒவ்வொரு இழையும் தெரியும், இரவில் தெருவிளக்கின் கீழே பாருங்கள். நாகர்கோவிலுக்கு இரண்டு மழையும் உண்டு, ஜூனில் மேற்கிலிருந்தும் ஐப்பசியில் கிழக்கிலிருந்தும், அதைத் தனித்தனியாக எடுத்து வையுங்கள். தனி லென்ஸ் வைத்திருப்பவர்கள் மழைக்காலத்தில் மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஈரம் நின்றால் கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கும், பிடித்தால் அதைப் போக்குவது கஷ்டம்.

தெருவில் பூக்காரர், இஸ்திரி வண்டிக்காரர், டீ மாஸ்டர் இவர்களை எல்லாம் கேட்காமல் எடுக்கலாமா? கேட்டால் இயல்பு போய்விடுகிறதே.
*மதுரையிலிருந்து ஒரு வாசகர்*

கேளுங்கள். இயல்பு ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்துவிடும், அவர்களுக்கு வேலை இருக்கிறது, உங்களையே பார்த்துக்கொண்டிருக்க முடியாது. குழந்தைகளை எடுப்பதாக இருந்தால் வீட்டாரைக் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். வாரா வாரம் போகிற தெரு என்றால் முதல் வாரம் பூ மட்டும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

போனில் பதினாலாயிரம் படம் இருக்கிறது. எதையும் தேடி எடுக்க முடியவில்லை.
*வேலூரிலிருந்து ஒரு வாசகி*

பழையதை ஒழுங்குபடுத்த உட்காராதீர்கள், பாதியில் அலுத்துவிடும். இந்த மாதத்திலிருந்து தொடங்குங்கள். மாதக் கடைசியில் பன்னிரண்டு படம் மட்டும் தேர்ந்தெடுத்து, "2025 ஐப்பசி" என்று ஒரு ஃபோல்டரில் போட்டு, கம்ப்யூட்டரிலும் தனி ஹார்ட் டிஸ்கிலும் ஒவ்வொரு பிரதி வையுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பிச் சேமிக்காதீர்கள், படம் சுருங்கும், எந்தத் தேதியில் எடுத்தது என்ற விவரமும் போய்விடும். அனுப்பித்தான் ஆகவேண்டும் என்றால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். பிரிண்ட் போட்டால் பின்னால் பென்சிலால் ஊர், நாள், யார் என்று மெதுவாக எழுதுங்கள். பசை ஒட்டிய பக்கங்கள் உள்ள ஆல்பம் வேண்டாம், சில வருஷத்தில் படம் ஒட்டிக்கொண்டு பிய்க்க வராது.

ஒரு வருஷம் முழுக்க ஒரே இடத்தை எடுத்து முடித்துவிட்டேன். அடுத்த வருஷமும் அதேதானே வரும், வேறு இடம் போகலாமா?
*திருச்சியிலிருந்து ஒரு வாசகர்*

போகாதீர்கள்! நீங்கள் திருச்சி என்பதால் காவிரியையே சொல்கிறேன். அம்மா மண்டபம் படித்துறையில் நின்று நான் சில வருஷங்களாக எடுக்கிறேன், எத்தனை படி வெளியே தெரிகிறது என்பதுதான் என் கணக்கு. மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12, தண்ணீர் கல்லணை வந்து சேர மூன்று நான்கு நாள் ஆகும். ஆனால் 2022-ல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28 வரை திறக்கவில்லை. ஒரு வருஷம் ஆனி மாதப் படத்தில் கீழ்ப்படிகள் தண்ணீருக்குள் இருக்கின்றன, இன்னொரு வருஷம் அதே மாதம் மணலில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள், ஸ்டம்புக்குப் பதில் மூன்று கருவேலங்குச்சி. அந்த 2024-ல் ஆடிப்பெருக்குக்குள் வெள்ளமே வந்துவிட்டது, அடுத்தடுத்த இரண்டு படங்களைப் பார்த்தால் ஒரே ஆறு என்று நம்ப முடியாது.

முதல் வருஷப் படங்களைத் தனியாகப் பார்த்தால் அழகாக மட்டும்தான் இருக்கும். இரண்டாவது வருஷத்தைப் பக்கத்தில் வைத்தால்தான் எது வழக்கம், எது அந்த வருஷத்துக்கு மட்டும் நடந்தது என்று தெரிய ஆரம்பிக்கும். அதே படி, அதே கல், அதே நேரம். உங்கள் இடம் எது என்று கடிதத்தில் எழுதவில்லையே, அடுத்த கடிதத்தில் எழுதுங்கள், ஒரே மாதத்தில் இரண்டு வருஷமும் எடுத்த இரண்டு படங்களையும் சேர்த்து அனுப்புங்கள்.