முடிவை மறுக்கும் ஆட்டங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சிறுவயதிலிருந்து வீடியோ கேம் ஆடி வளர்ந்தவன் நான். சில காலமாக எதையும் ஆடப் பிடிக்கவில்லை. புதிய கேமைத் திறந்தால் முதலில் வந்து நிற்பது அதன் கடை. அப்புறம் இந்த சீசனின் பேட்டில் பாஸ் (காசு கொடுத்து வாங்கி, ஆட ஆடப் பரிசுகளைத் திறக்கும் சீட்டு), இன்றைக்குள் முடிக்க வேண்டிய மிஷன்கள், இன்னும் சில மணி நேரத்தில் காலாவதியாகும் பரிசு. அலுவலகத்தில் ஒரு வேலை முடித்துவிட்டு வீட்டில் இன்னொரு வேலைக்கு உட்காருவதுபோல் இருக்கிறது. முழு விலை கொடுத்து வாங்கிய கேமிலும் இதே கதைதான். நண்பர்களோ எனக்கு வயதாகிவிட்டது என்கிறார்கள். சினிமா பக்கம் திரும்பினால் அங்கேயும் எல்லாமே எதனுடையதோ அடுத்த பாகம். மாறியது நானா, கேம்களா? பணம் இல்லாமல் யாரும் கேம் செய்ய முடியாது என்று எனக்கும் தெரியும். அப்படியிருக்க என் கசப்பில் நியாயம் உண்டா? இதை மொத்தமாக விட்டுவிடுவதுதான் சரியா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வயதைப் பற்றிய கேள்வியை முதலில் முடித்துவிடலாம். வயது ஏற ஏற நேரம் சுருங்கும், பொறுமையும் குறையும், சரி. ஆனால் உங்கள் கடிதத்தில் இருக்கும் குறைகளை நீங்களே ஒருமுறை திரும்பப் படித்துப் பாருங்கள். கடை, பேட்டில் பாஸ், காலாவதியாகும் பரிசு. இதில் ஒன்றுகூட உங்கள் வயதைச் சார்ந்தது இல்லை. இவை ஒவ்வொன்றையும் யாரோ உட்கார்ந்து யோசித்து அந்த இடத்தில் வைத்திருக்கிறார்கள். பதினைந்து வயதுப் பையன் திறந்தாலும் அவை அங்கேதான் நிற்கும். ஒரு காலத்தில் உங்களுக்குப் பிடித்த பழைய கேம் ஒன்றை எடுத்து ஆடிப் பாருங்கள். அதில் இன்னமும் ஒன்ற முடிகிறது என்றால் உங்கள் ரசனைக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை.

அதற்காக, அந்தக் காலத்தில் எல்லாம் தூய கலையாக இருந்தது, பிறகு வணிகம் வந்து கெடுத்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். வீடியோ கேம் வளர்ந்ததே வணிகத்துக்குள்தான். ஆர்கேட் இயந்திரங்கள் காசு போட்டால் ஓடியவை. ஆடுபவர் சீக்கிரம் தோற்றால்தான் அடுத்த காசு விழும் என்பதால், அவற்றில் பல அந்தக் கணக்கை வைத்தே கடினமாக்கப்பட்டன. 1982-இல் 'ஈ.டி.' படத்தை ஒட்டி அட்டாரி நிறுவனம் ஒரு கேம் வெளியிட்டது. கிறிஸ்துமஸ் விற்பனைக்கு வந்தாக வேண்டும் என்பதால், அதைச் செய்த ஹோவர்ட் ஸ்காட் வார்ஷாவுக்குக் கிடைத்தது சுமார் 5 வாரம். விற்காமல் குவிந்த கார்ட்ரிட்ஜ்களில் ஒரு பகுதியை மறு ஆண்டு நியூ மெக்சிகோவின் அலமகோர்டோவில் குப்பைக் கிடங்கில் புதைத்தார்கள். 2014-இல் அவற்றைத் தோண்டியும் எடுத்தார்கள்.

அதே அட்டாரியில் கேம் செய்தவர்களின் பெயர் வெளியே வராது. வாரன் ராபினெட் என்பவர் தன்னுடைய 'அட்வென்ச்சர்' கேமுக்குள் யாருக்கும் சொல்லாமல் ஒரு ரகசிய அறை கட்டி, அதில் தன் பெயரை எழுதி வைத்தார். வேறு சில புரோகிராமர்கள் 1979-இல் வெளியேறி ஆக்டிவிஷன் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். கேமைச் செய்தவர் யார் என்று ஆடுபவருக்குச் சொல்வது அதன் வழக்கமாக இருந்தது. எழுதிப் பிழைக்கும் எனக்கு இந்த வரலாறு மிக நெருக்கமானது. அந்த ஆக்டிவிஷன் வளர்ந்து, வேறொரு பெரிய நிறுவனத்தோடு சேர்ந்து, கடைசியில் 2022-இல் மைக்ரோசாஃப்ட் அதற்கு 6,870 கோடி டாலர் விலை பேசி, 2023-இல் வாங்கி முடித்தது. செய்தவர்களின் பெயருக்காகத் தொடங்கிய ஒரு வீடு எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்று பார்க்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஆக, பேராசை புதிதில்லை. காசு எப்போது கைமாறுகிறது என்பதுதான் மாறிவிட்டது. உங்கள் கேள்விக்கான பதில் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கார்ட்ரிட்ஜோ சிடியோ வாங்கிய காலத்தில், காசு கொடுத்த கணத்தோடு நிறுவனத்துக்கும் உங்களுக்கும் கணக்கு முடிந்துவிடும். அதற்குப் பிறகு நீங்கள் அதை ஒரே இரவில் ஆடி முடித்தாலும், வருடக்கணக்கில் வைத்து ஆடினாலும், பாதியில் தூக்கிப் போட்டாலும் அவர்களுக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. எனவே கேமுக்குள் இருந்த ஒவ்வொன்றும் உங்களுக்காகவே வைக்கப்பட்டிருக்க முடிந்தது. கன்சோல்கள் இணையத்தோடு சேர்ந்ததும் அந்தக் கணக்கு மறுபடி திறந்தது. 2006-இல் 'ஆப்ளிவியன்' கேமில் குதிரைக்கு ஒரு கவசம் 2.50 டாலருக்கு விற்பனைக்கு வந்தபோது ஆடுபவர்கள் கொதித்துப்போனார்கள். ஆனாலும் அது விற்றது. கைபேசியில் இலவச கேம்கள் வந்த பிறகு, உள்ளே வருவது இலவசம், உள்ளே இருப்பதுதான் விலை என்றானது. இப்போது நிறுவனம் கவலைப்படுவது நீங்கள் வாங்கினீர்களா என்பதைப் பற்றி மட்டும் இல்லை. இன்று வந்தீர்களா, நாளை வருவீர்களா, எவ்வளவு நேரம் இருந்தீர்கள் என்பதைப் பற்றியும்தான்.

அப்படிப்பட்ட கேம் முடியக் கூடாது. முடிந்தால் வருமானம் நின்றுவிடும்.

ஒரு கேம் முடிவதில் எவ்வளவு இன்பம் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கடைசி எதிரி விழுகிறான், கதை ஒரு இடத்தில் வந்து நிற்கிறது, செய்தவர்களின் பெயர்கள் திரையில் ஏறுகின்றன. கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு, அந்த உலகத்திலிருந்து மெல்ல வெளியே வருகிறோம். நடந்ததையெல்லாம் மனம் திரும்ப ஓட்டிப் பார்ப்பது அப்போதுதான். நாவலை மூடி வைத்த பிறகு வரும் அரை மணி நேரத்துக்காகவே நாவல் படிப்பவர்கள் உண்டு. நானும் அதில் ஒருவன். கேமிலும் அனுபவம் நமக்குச் சொந்தமாவது அதைக் கீழே வைக்கும்போதுதான். சீசன் சீசனாக ஓடும் கேம் அதைக் கீழே வைக்கவே விடுவதில்லை. தினமும் வந்தால் பரிசு, ஒரு நாள் தவறினால் வரிசை அறுந்துவிடும், பாத்திரத்துக்கு அணிவிக்கும் ஸ்கின் என்ற தோற்றம் இந்த மாதம் கிடைக்காவிட்டால் இனிமேல் வரவே வராது. இதெல்லாம் ஆடத் தூண்டும் ஆசையைக் காட்டிலும் இழந்துவிடுவோமோ என்ற பயத்தை நம்பி அமைக்கப்பட்டவை. நீங்கள் 'இன்னொரு வேலை' என்று எழுதியது மிகச் சரி. ஆடுவதற்காக வந்தவரை ஆஜர் போட வைத்துவிட்டார்கள்.

லூட் பாக்ஸ் என்ற மர்மப் பெட்டியின் தந்திரம் இதைவிடப் பழையது. எத்தனை முறை கொத்தினால் தீனி விழும் என்று தெரியாத புறா, தெரிந்த புறாவைவிட ஓயாமல் கொத்திக்கொண்டே இருக்கும் என்பதை உளவியலாளர் பி.எஃப்.ஸ்கின்னர் சென்ற நூற்றாண்டிலேயே காட்டிவிட்டார். சூதாட்ட இயந்திரத்தின் அடிப்படை அதுதான். அதையே பெட்டியாக்கி, உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாமல் விற்றார்கள். 2017-இல் 'ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரன்ட் 2' வந்தபோது, காசு கொடுத்து வாங்கிய கேமில் டார்த் வேடர் என்ற பாத்திரத்தைப் பெறவே சுமார் 40 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று ரசிகர்கள் கணக்குப் போட்டார்கள். அதற்கு, கேமை வெளியிட்ட இ.ஏ. நிறுவனம் ரெடிட் என்ற இணைய மன்றத்தில் சொன்ன சமாதானத்துக்கு 6 லட்சத்துக்கும் மேலான எதிர்ப்பு வாக்குகள் விழுந்து, அது கின்னஸில் பதிவானது. அடுத்த ஆண்டு பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம், காசு வாங்கும் லூட் பாக்ஸ்கள் சூதாட்டச் சட்டத்தின் கீழ் வருபவை என்று அறிவித்தது. 2022-இல் 'ஃபோர்ட்நைட்' கேமின் எபிக் நிறுவனம் அமெரிக்க வர்த்தக ஆணையத்தோடு 52 கோடி டாலருக்கு சமரசம் செய்துகொண்டது. அதில் 24.5 கோடி, பட்டன்களைக் குழப்பமாக அமைத்து வேண்டாததை வாங்க வைத்ததாகச் சொன்ன புகாருக்காக, ஆடியவர்களுக்குத் திருப்பித் தர வேண்டிய பணம். அரசு அமைப்புகளே இப்படிச் சொல்லும்போது, கசப்பு உங்கள் மனதில் மட்டும் இருக்கும் கோளாறாக எப்படி இருக்க முடியும்?

இங்கே ஒரு வித்தியாசத்தைச் சொல்லியாக வேண்டும். முடிவே இல்லாத கேம்கள் எல்லாம் மோசம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 1984-இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கிய 'டெட்ரிஸ்' ஆட்டத்தில் கதைக்கு முடிவு என்று ஒன்று கிடையாது. ஆனால் ஒவ்வொரு ஆட்டமும் முடியும். எழுந்து போனால் உங்களை யாரும் கூப்பிட மாட்டார்கள், ஒரு வருடம் கழித்து வந்தாலும் எதையும் இழந்திருக்க மாட்டீர்கள். 2024-இல் வந்த 'பலாட்ரோ' தனி ஒருவர் செய்தது. சீட்டு, அதிர்ஷ்டம், சூதாட்ட மேசையின் பளபளப்பு எல்லாம் அதில் உண்டு, விடியும்வரை உட்கார வைக்கவும் செய்யும். வாங்கிய பிறகு ஒரு காசுகூடக் கேட்காது. போக விடுகிறதா, விடுவதில்லையா என்பதை வைத்துத்தான் நான் ஒரு கேமை எடைபோடுகிறேன்.

கடையைப் போலவே எனக்குக் கோபம் வரும் இன்னொரு விஷயம், வாங்கியது கையில் நிற்காமல் போவது. 2014-இல் வந்த 'தி க்ரூ' என்ற கார் பந்தய கேமை யூபிசாஃப்ட் நிறுவனம் 2024 மார்ச் மாதக் கடைசியில் நிறுத்தியது. தனியாக ஆடுவதற்கும் அதற்கு நிறுவனத்தின் சர்வர் தேவை என்பதால், காசு கொடுத்து வாங்கியவர்களாலும் அதை ஆட முடியாமல் போனது. அதையொட்டி யூடியூபர் ராஸ் ஸ்காட் தொடங்கிய 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தின் ஐரோப்பிய மனு 2025-இல் 10 லட்சம் கையெழுத்துகளைத் தாண்டியது. 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் கணக்கெடுத்துச் சொன்னது. ஒரு கலையின் பெரும்பகுதி இப்படிக் கைக்கு எட்டாமல் போயிருப்பதை, அந்தக் கலையால் பிழைக்கும் நிறுவனங்கள் பெரிய விஷயமாகவே எடுத்துக்கொள்வதில்லை.

பணம் இல்லாமல் கேம் செய்ய முடியாது என்கிறீர்கள். முடியாதுதான். ஆனால் நல்ல கேம் செய்தால் செய்தவர்கள் பிழைப்பார்கள் என்ற எளிய நியாயமாவது அங்கே இருக்க வேண்டும். 2023-இல் வந்த 'ஹை-ஃபை ரஷ்' பாராட்டும் விருதும் வாங்கியது. மறு ஆண்டு மே மாதம் அதைச் செய்த டாங்கோ ஸ்டுடியோவை மூடுவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. வேறொரு நிறுவனம் எடுத்துக்கொண்டதால் அந்தப் பெயர் தப்பியது. அதே 2024-இல் சோனியின் 'கான்கார்ட்' வெளியாகி 2 வாரத்தில் நிறுத்தப்பட்டு, வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பியது. சில மாதத்தில் அந்த ஸ்டுடியோவும் இல்லை. வேறு வழியே கிடையாதா என்றால், நின்டெண்டோ நிறுவனத்தின் தலைவராக இருந்த சடோரு இவாடாவை நினைத்துக்கொள்கிறேன். 2014-இல் வியாபாரம் மோசமானபோது அவர் தன் சம்பளத்தைச் சில மாதங்களுக்குப் பாதியாக்கிக்கொண்டார். வேலை போகுமோ என்று பயப்படுபவர்களால் நல்ல கேம் செய்ய முடியாது என்பது அவருடைய கருத்து. அவரே புரோகிராமராக இருந்து மேலே வந்தவர்.

சினிமாவைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. 2022-இல் வார்னர் பிரதர்ஸ், பேட்மேன் உலகத்தைச் சேர்ந்த 'பேட்கேர்ள்' (Batgirl) படத்தை ஏறத்தாழ முடித்த நிலையில் வெளியிடாமலே கைவிட்டது. வரிக் கணக்கில் கிடைக்கும் சலுகை அதற்கு ஒரு காரணமாகப் பேசப்பட்டது. எடுத்த படத்தைக் காட்டாமல் இருப்பதே லாபம் என்று வரும் இடத்தில் பார்வையாளர் கணக்கிலேயே இல்லை.

சரி, மொத்தமாக விட்டுவிடுவதா? வேண்டாம். எரிக் பாரோன் 4 ஆண்டுகளுக்கு மேல் தனியாக உட்கார்ந்து செய்த 'ஸ்டார்டியூ வேலி' 2016-இல் வந்தது. அதற்குப் பிறகு அவர் சேர்த்த பெரிய அப்டேட்கள் எல்லாம் இலவசம். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் 'ஹாலோ நைட்' செய்தார்கள். அடுத்ததை 2025-இல், தங்களுக்குத் திருப்தியான பிறகே வெளியிட்டார்கள். சின்னக் குழுக்களால் மட்டும்தான் முடியும் என்றும் சொல்ல முடியாது. 'பால்டர்ஸ் கேட் 3' நூற்றுக்கணக்கானோர் பல ஆண்டுகள் உழைத்த பெரிய கேம், உள்ளே கடை கிடையாது, 2023-இல் வந்து உலகம் முழுக்க விற்றது. உங்களைக் கசப்பாக்கியவை எவையோ அவற்றை மட்டும் விடுங்கள்.

வாங்குவதற்கு முன் இரண்டு விஷயங்களை விசாரியுங்கள். இணையம் இல்லாமல் இது ஓடுமா? உள்ளே கடை இருக்கிறதா? வெளியான அன்றே வாங்காதீர்கள். சில மாதம் பொறுத்தால் குறைகளும் விலையும் தானாகத் தெரிந்துவிடும்.

நண்பர்களோடு ஆடும் சீசன் கேம் ஏதாவது இருந்தால் அதை அவசரப்பட்டு அழிக்க வேண்டாம். நீங்கள் அங்கே போவது அவர்களோடு பேசுவதற்காக என்றால் அது நல்ல காரணம். அவர்கள் இருக்கும் நாளில் மட்டும் போங்கள். பேட்டில் பாஸ் வாங்காதீர்கள், டெய்லி மிஷன் பக்கம் பார்க்காதீர்கள், பரிசு காலாவதியானால் ஆகட்டும். அப்படி ஒரு மாதம் ஆடியும் அந்த கேம் பிடித்திருக்கிறது என்றால் தொடருங்கள். பிடிக்கவில்லை என்றால் நண்பர்களோடு ஆட வேறொன்றைத் தேர்ந்தெடுங்கள், அவர்களில் ஓரிருவராவது உங்களைப் போலவே களைத்துத்தான் போயிருப்பார்கள்.

கடைசியாக நீங்கள் முழுக்க மூழ்கி ஆடிய கேம் எது என்று கடிதத்தில் இல்லை. அதையும் அடுத்த முறை எழுதுங்கள்.

அன்புடன்