மானாவாரி உளுந்து, பாசிப்பயறுக்கு விதை கடினப்படுத்துறது: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

கோவில்பட்டி பக்கம் கரிசல் காடு, நம்மளுது முழுக்க மானாவாரி, மழைய மட்டும் நம்பின வெவசாயம். விதையப் பத்தி கேளுங்க. வெலை, மானியம், இன்சூரன்ஸ் எல்லாம் எனக்குத் தெரியாது.

விளாத்திகுளத்து தம்பி: அண்ணே, மழைக்கு முன்ன காஞ்ச மண்ல போடுற புழுதி விதைப்புக்கு விதைய ஊறவைக்கச் சொல்றாங்களே, ஊறின விதை காஞ்ச மண்ல செத்துறாதா?

ஊறவச்சு அப்படியே போட்டா செத்துரும்தான் தம்பி. ஊறவச்சு, திரும்ப காயவச்சு போடணும், அதுதான் கடினப்படுத்துறது. விதை தண்ணி குடிச்சதும் உள்ள முளைக்கிற வேலை ஆரம்பிச்சிரும், வேர் முனை வெளிய வர்றதுக்குள்ள நிறுத்தி காயவச்சா சாகாது, பாதி வேலைய முடிச்சிட்டு சும்மா உக்காந்திருக்கும். அப்புறம் மழை விழுந்ததும் சட்டுன்னு முளைச்சு, மேல் மண்ணு காயறதுக்குள்ள வேர கீழ இறக்கிரும். வேர் முனை வெளிய வந்தப்புறம் காஞ்சா பொழைக்காது, அத மட்டும் மனசுல வைங்க.

அளவு சொல்றேன். ஏக்கருக்கு 8 கிலோ விதை. 10 லிட்டர் தண்ணில 1 கிராம் சிங்க் சல்பேட் கரைச்சா 100 பிபிஎம், அதாவது பத்து லட்சத்துல நூறு பங்கு. வேளாண் பல்கலைக்கழகம் பயறு வகைக்குச் சொல்றதுல இதும் ஒண்ணு. கிலோவுக்கு 350 மில்லி கணக்குல அதுல 2.8 லிட்டர மட்டும் எடுத்து விதையில ஊத்தி பெரட்டி விடுங்க, 3 மணி நேரம். விதை மூழ்குற அளவுக்கு ஊத்தாதீங்க, காஞ்ச பயறு மடமடன்னு தண்ணி குடிச்சா உள்ள பருப்பு விரிசல் விட்டுரும். அப்புறம் நெழல்ல சாக்கு விரிச்சு காயவைங்க. காஞ்சிருச்சான்னு கடிச்சுப் பாக்கறது எல்லாம் வேணாம். ஊறவைக்கும் முன்ன எடை போட்டு எழுதி வைங்க, திரும்ப அதே எடைக்கு வரணும்.

வெதைக்கும்போது ரெண்டு அங்குல ஆழம் போங்க. மேலாப்ல கெடந்தா தூறலுக்கே ஏமாந்து முளைச்சிரும்.

சங்கரன்கோவில்: வெயில்ல போட்டா சீக்கிரம் காயுமே சார்?

காயும், முளைப்பும் போயிரும். நெழல்.

அருப்புக்கோட்டை: எங்க மாமா நைட்டு பூரா ஊறவச்சுதான் போடுவாரு. வெளிநாட்லயும் அப்படித்தானாமே?

பங்களாதேஷ்ல பாரிந்த் பக்கம் நெல் அறுத்த நெலத்துல அப்படி செய்றாங்க, உண்மைதான். ஆனா அது கொண்டக்கடலை, எட்டு மணி நேரம் போல ஊறவச்சு, மேல் ஈரம் மட்டும் காயவிட்டு அன்னிக்கே ஈர மண்ல போட்டுருவாங்க. நம்ம புழுதியில ஈரம் எங்க இருக்கு? நானே ஒரு வருஷம் சாயங்காலம் ஊறவச்சிட்டு கல்யாண வீட்டுக்குப் போயிட்டேன், காலைல பாத்தா பாதி விதையில வெள்ளையா மூக்கு எட்டிப் பாக்குது, 8 கிலோவும் மாட்டுக்குத்தான் போச்சு.

திருவேங்கடம்: ரைசோபியம் எப்ப கலக்கணும்?

கடைசியா. மொதல்ல கடினப்படுத்துங்க, காஞ்சப்புறம் பூஞ்சாண மருந்து, ஒரு நாள் கழிச்சு ஆறின கஞ்சியில ரைசோபியம், அதான் வேர் முடிச்சுல தழைச்சத்து சேக்குற பாக்டீரியா. மருந்தையும் அதையும் ஒண்ணா கலந்தா மருந்து அந்த பாக்டீரியாவையே கொன்னுரும்.

புளியங்குடி: எத்தனை மணி நேரம் ஊறணும்?

மேல இருக்கு.

கயத்தாறு: விதைக்கே கெமிக்கல் குடுத்து பழக்குறீங்க. நான் பஞ்சகவ்யாதான், போன தடவ பிரமாதமா வந்துச்சு.

பஞ்சகவ்யா வேணாம்னு எங்கயும் சொல்லலையே. சிங்க் பத்தாத மண்ணுக்கு ஹெக்டேருக்கு 25 கிலோ சிங்க் சல்பேட் போடச் சொல்றாங்க, நான் சொன்ன கணக்குல ஏக்கர் விதைக்கும் சேத்து 0.3 கிராம் கூட வராது. இதுக்குப் போய் கெமிக்கல்னு சண்டையா?

கயத்தாறு: அப்ப 0.3 கிராம்ல என்ன பெருசா ஆயிரப் போகுது?

இது கேள்வி! பலன்ல ஒரு நல்ல பங்கு வெறும் தண்ணியாலதான். உங்க பஞ்சகவ்யாலயும் பெரும்பகுதி தண்ணிதான அண்ணாச்சி? பக்கத்துலயே ஊறவைக்காத விதை ஒரு சால், வெறும் தண்ணில ஊறினது ஒரு சால் போட்டுப் பாத்தீங்களா?

கயத்தாறு: இல்ல.

அப்ப எதால பிரமாதமா வந்துச்சுன்னு எப்படி சொல்றீங்க? மழையாலயும் இருக்கலாம்ல.

எட்டயபுரம்: ரெண்டு பேரும் சண்டைய விடுங்க, பீஜாமிர்தம் நல்லதா?

சாணி, கோமியம், சுண்ணாம்புக் கலவைதான அது, நல்லதுதான், ஆனா தெளிச்சு பெரட்டி எடுத்துருங்க. ஊறப் போட்டா தொலி கழண்டுரும்.

கயத்தாறு: சரி, இந்த வருஷம் நாலு சால் போடுறேன். காஞ்சது, தண்ணி, உங்க சிங்க், என் பஞ்சகவ்யா.

போடுங்க, முளைச்சத எண்ணிட்டு வந்து சொல்லுங்க. தோத்தா நானும் மாறிக்கிறேன்.

மன்னார்குடி: சார், நெல்லுக்கு அப்புறம் அதே வயல்ல போடுற நெல் தரிசு உளுந்துக்கும் இது சரியா வருமா?

அங்க நெல் அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்ன, மண்ணு மெழுகு மாதிரி ஈரமா இருக்கற பதத்துல தூவுறீங்க, முளைக்க ஈரம் இருக்கும். உங்களுக்கு ஈரப் பஞ்சம் பின்னாடி பூக்குறப்பதான், அதுக்கு விதையில வழி கெடையாது.

திண்டிவனம்: நிலக்கடலைக்கும் இதே அளவா?

இல்ல. அது வேற மருந்து, வேற நேரம். உங்க ஊர் வேளாண் ஆபீஸ்ல கேளுங்க.

ராஜபாளையம்: ஊறவைக்க எவ்வளவு நேரம் சார்?

மூணு மணி நேரம். மூணு. செல்லுல அலாரம் வைங்க, கல்யாணத்துக்குப் போகாதீங்க.

ஓட்டப்பிடாரம்: அண்ணே, காலைல ஊறவச்சு இப்ப நெழல்ல கெடக்கு. நாலு நாளைக்கு மழை இல்லங்கிறாங்க, என்ன செய்ய?

பயப்படாதீங்க, நல்லா காஞ்சிருந்தா நாலு நாள் தாங்கும். ரொம்ப மாசம் மட்டும் வச்சிருக்காதீங்க. ஊறவைக்கும் முன்ன எடை போட்டீங்களா?

ஓட்டப்பிடாரம்: இல்லண்ணே.

அதான் தலையால அடிச்சுக்கிட்டு சொன்னேன்ல. இன்னும் ரெண்டு நாள் நெழல்லயே கெடக்கட்டும்.